சொன்னது எழுத்தில் இருக்கட்டும்: நிச்சயதார்த்த மோதிரம் செய்யக் கொடுக்கும்போது



சிங்கப்பூர்த் தமிழர் வீடுகளில் திருமணம் பேசி முடிந்ததும் முதலில் எழுவது மண்டபப் பேச்சு. அடுத்து வருவது நகைப் பேச்சு. தாலி, தாலிக்கொடி, வளையல் என்று பெரியவர்கள் பட்டியலிடும்போது, இளையர் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்கிறார்கள். அதுதான் நிச்சயதார்த்த மோதிரம். அதையும் கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதைப் பார்த்து வாங்காமல், தாங்களே ஒரு வடிவத்தை யோசித்து, கல்லைத் தேர்ந்தெடுத்து, செய்யச் சொல்லி வாங்க விரும்புவோர் பலர்.

ஆசை நல்ல ஆசைதான். ஆனால் ஆயத்தமாக இருக்கும் நகையை வாங்குவதற்கும் செய்யக் கொடுப்பதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. ஆயத்த நகையை விரலில் போட்டுப் பார்க்கலாம். பிடிக்காவிட்டால் கழற்றி வைத்துவிட்டு வரலாம். செய்யக் கொடுக்கும் மோதிரமோ இன்னும் பிறக்காத பொருள். அதற்கு முன்பணம் கொடுப்பவர்கள் உண்மையில் ஒரு சொல்லுக்குப் பணம் கொடுக்கிறார்கள். அந்தச் சொல் தெளிவாக இல்லாவிட்டால், நிச்சயதார்த்தத்திற்கு இரண்டு நாள் இருக்கும்போது கைக்கு வரும் மோதிரம், மனத்தில் இருந்த மோதிரமாக இருக்காது. மணமகன் ஒன்று நினைத்திருப்பார். மணமகள் வீட்டார் வேறொன்று எதிர்பார்த்திருப்பார்கள். கடைக்காரர் மூன்றாவதாக ஒன்றைச் செய்திருப்பார். மகிழ்ச்சியாகத் தொடங்க வேண்டிய உறவில் முதல் மனத்தாங்கல் அங்கேயே விழுந்துவிடும். இதைத் தவிர்ப்பது எப்படி என்பதே இன்றைய உரையின் பொருள்.

வழக்கம் வந்த வழி

தமிழர் மரபில் நிச்சயம் என்பது தாம்பூலம் மாற்றுவது. வெற்றிலை பாக்கு, தேங்காய், பழம், பூ, புடவை என்று தட்டுகள் மாறும். அதில் வைர மோதிரத்திற்கு இடமில்லை. மோதிரம் தமிழர்க்குப் புதியதும் அன்று. சீதையிடம் அனுமன் காட்டிய கணையாழி எல்லாருக்கும் தெரிந்த கதை. திருமணத்தன்று குடத்து நீரில் மோதிரத்தைப் போட்டு மணமக்களைத் தேடி எடுக்கச் சொல்லும் விளையாட்டும் உண்டு. ஆனால் ‘நிச்சயம் என்றால் வைர மோதிரம்’ என்ற கணக்கு வெளியிலிருந்து வந்தது.

ஐரோப்பாவில் 1477ஆம் ஆண்டு ஆஸ்திரியாவின் மாக்சிமிலியன், பர்கண்டியின் மேரிக்கு வைர மோதிரம் அணிவித்ததைப் பலரும் மேற்கோள் காட்டுவார்கள். ஆனால் அது அரச குடும்பத்துக் கதை. சாதாரணக் குடும்பங்களுக்கு வைரத்தைக் கொண்டுசென்றது விளம்பரம். டி பியர்ஸ் வைர நிறுவனத்திற்காக பிரான்சஸ் ஜெரட்டி என்ற விளம்பர எழுத்தாளர் 1947ல் எழுதிய ஒரு வரி, வைரத்தை அழியாத உறவின் அடையாளமாக்கியது. மோதிரத்திற்கு இரண்டு மாதச் சம்பளத்தைச் செலவிட வேண்டும் என்ற பேச்சும் அதே நிறுவனத்தின் 1980களின் விளம்பரங்கள் வழியாகப் பரவியதுதான். ஜப்பானில் அது மூன்று மாதச் சம்பளமாகச் சொல்லப்பட்டது.

ஆகவே இந்த ‘இரண்டு மாதச் சம்பளம்’ சாத்திரம் சொன்ன கணக்கு அன்று. சம்பந்தி வீட்டார் கேட்ட கணக்கும் அன்று. விற்பவர் சொன்ன கணக்கு. வீவக வீட்டிற்கு முன்பணம், திருமண விருந்து, வீட்டுச் சாமான்கள் என்று செலவுகள் வரிசையில் நிற்கும்போது, மோதிரத்தைக் கடன்பற்று அட்டையில் வாங்கித் தவணை கட்டுவது புது வாழ்க்கைக்கு நல்ல தொடக்கமாகாது. பொன் வைக்கும் இடத்தில் பூ வைப்பது என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தது வெறும் சமாதானத்திற்காக அன்று. எவ்வளவு முடியும் என்பதை மணமக்கள் இருவரும் முதலில் வெளிப்படையாகப் பேசி ஒரு தொகையை முடிவு செய்ய வேண்டும். கடைக்குள் நுழைந்த பிறகு முடிவு செய்யும் தொகை எப்போதும் கூடுதலாகத்தான் இருக்கும்.

கைக்கு ஏற்ற வடிவம்

வடிவத்தை யோசிக்கும்போது பலரும் படத்தைப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது கையை. அந்தக் கை நாள் முழுவதும் என்ன வேலை செய்கிறது?

மணமகள் தாதியாகப் பணிபுரிகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளில் எத்தனையோ முறை கையுறை மாட்டிக் கழற்ற வேண்டும். உயர்ந்து நிற்கும் கல் கையுறையைக் கிழிக்கும். இடுக்குகளில் அழுக்குத் தங்கும். அவருக்குத் தேவை, கல்லைச் சுற்றிலும் உலோக விளிம்பு அணைத்துப் பிடிக்கும், தாழ்வாக அமைந்த மோதிரம். சமையல் தொழிலில் இருப்பவர், பாலர் பள்ளி ஆசிரியர், இயந்திரங்களோடு வேலை செய்பவர் ஆகியோருக்கும் இதுவே பொருந்தும். அலுவலகத்தில் அமர்ந்து வேலை செய்பவருக்கு, நான்கு அல்லது ஆறு மெல்லிய நகங்கள் கல்லை உயர்த்திப் பிடிக்கும் அமைப்பு ஒத்துவரலாம். அதில் வெளிச்சம் நன்றாகப் புகும், கல் மின்னும். ஆனால் நகம் தேய்ந்தால் கல் விழுந்துவிடும். அதனால் ஆண்டுக்கு ஒருமுறையாவது கடையில் காட்டிச் சரிபார்க்க வேண்டும்.

விரலின் அளவும் ஒரே நிலையில் இருப்பதில்லை. வெயிலில் நடந்து வந்தால் விரல் சற்று வீங்கும். குளிரூட்டப்பட்ட அறையில் சுருங்கும். காலையில் ஓர் அளவு, மாலையில் ஓர் அளவு. ஆகவே வெவ்வேறு நேரங்களில் இரண்டு மூன்று முறை அளந்து பார்ப்பது நல்லது. அகலமான மோதிரத்திற்குச் சற்றுத் தளர்வான அளவு தேவைப்படும். சுற்றிலும் கல் பதித்த மோதிரத்தைப் பின்னாளில் பெரிதாக்குவதோ சிறிதாக்குவதோ மிகவும் கடினம். பிள்ளைப்பேற்றிற்குப் பிறகு விரல் அளவு மாறும் பெண்கள் உண்டு. அதையும் இப்போதே நினைத்துப் பார்க்க வேண்டும்.

916ஆ, 750ஆ?

வீட்டில் பெரும்பாலும் வாக்குவாதம் எழுவது இந்த இடத்தில்தான். ‘நம் வீட்டு நகை எல்லாம் 916. அதென்ன 750?’ என்று அம்மா கேட்பார். ‘கல் மோதிரத்திற்கு அதுதான் சரி’ என்று மகன் சொல்வார். இருவர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது.

916 என்றால் ஆயிரம் பங்கில் 916 பங்கு சொக்கத் தங்கம். அதாவது 22 காரட். 750 என்றால் 18 காரட். தங்கம் மென்மையான உலோகம். செம்பு, வெள்ளி போன்றவை கூடுதலாகச் சேரும்போது அது கடினமாகிறது. மெல்லிய நகங்களால் கல்லைப் பிடிக்க வேண்டுமானால் 750 பொன் உறுதி தரும். அப்படியானால் பாட்டி காலத்து ஏழு கல் தோடு 22 காரட்டில் எப்படி நிலைத்தது? அங்கே மெல்லிய நகங்கள் இல்லை. ஒவ்வொரு கல்லையும் சுற்றிப் பொன் தாராளமாக அணைத்திருக்கும். மோதிரத்தையும் அப்படி அமைத்தால் 916 பொன்னிலும் செய்யலாம். வடிவமும் உலோகமும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும் என்பதே செய்தி.

கணக்கையும் பார்த்துவிடலாம். நான்கு கிராம் எடையுள்ள மோதிரத்தில் 916 என்றால் சொக்கத் தங்கம் ஏறக்குறைய 3.66 கிராம். 750 என்றால் 3 கிராம். வேறுபாடு ஒரு கிராமில் மூன்றில் இரண்டு பங்குதான். இதற்காகத் தாயும் மகனும் முகம் திருப்பிக்கொள்ள வேண்டுமா? தாலியும் சங்கிலியும் 916ஆக இருக்கட்டும், அவை சேமிப்பும்கூட. மோதிரம் அன்றாடம் அணிவது. அதற்கு உறுதிதான் முக்கியம்.

வெள்ளைப் பொன் கேட்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதன் பளிச்சென்ற வெண்மை பெரும்பாலும் மேலே பூசிய ரோடியம் என்ற உலோகத்தால் வருவது. அணிய அணியப் பூச்சு தேய்ந்து, உள்ளேயுள்ள இளமஞ்சள் தெரியும். மீண்டும் பூச வேண்டும். சில வெள்ளைப் பொன்னில் நிக்கல் கலந்திருக்கும். ஒவ்வாமை உள்ளவர்களுக்கு விரல் அரிக்கும். பிளாட்டினத்திற்கு இந்தப் பூச்சு தேவையில்லை. ஆனால் அது கனமானது. அதில் வேலை செய்யத் தனிக் கருவியும் பயிற்சியும் வேண்டும். தங்கம் 1,064 பாகை செல்சியசில் உருகும்; பிளாட்டினம் உருக 1,768 பாகை தேவை. எல்லாப் பட்டறைகளிலும் அதைச் செய்ய முடியாது.

கல்லைப் பற்றி

காரட் என்ற ஒரே சொல் இரண்டு பொருளில் வருவதால் பலர் குழம்புகிறார்கள். பொன்னுக்குக் காரட் என்பது தூய்மை. வைரத்திற்குக் காரட் என்பது எடை. ஒரு காரட் 0.2 கிராம். நம் பொற்கொல்லர்கள் குன்றிமணியாலும் மஞ்சாடி விதையாலும் எடை பார்த்ததுபோல், மத்தியதரைக் கடல் நாடுகளில் கேரப் மரத்து விதையால் எடை பார்த்தார்கள். அந்தச் சொல்லிலிருந்து பிறந்ததுதான் காரட்.

வைரத்தின் தரத்தை எடை, நிறம், தெளிவு, பட்டை தீட்டிய விதம் ஆகிய நான்கால் மதிப்பிடுகிறார்கள். இவற்றுள் கண்ணுக்கு மிகுதியாகத் தெரிவது பட்டை தீட்டிய விதம்தான். நன்றாகத் தீட்டிய சிறிய கல், சரியாகத் தீட்டாத பெரிய கல்லைவிட அழகாக மின்னும். ஒரு காரட் வட்டக் கல்லின் குறுக்களவு ஏறக்குறைய 6.5 மில்லிமீட்டர். 0.9 காரட் கல் அதைவிட 0.2 அல்லது 0.3 மில்லிமீட்டர்தான் குறைவு. விரலில் யாருக்கும் வேறுபாடு தெரியாது. ஆனால் ‘ஒரு காரட்’ என்ற முழு எண்ணைத் தொட்டதும் விலை தாவும். அதேபோல், மஞ்சள் பொன்னில் பதிக்கும் கல்லுக்கு ஆக உயர்ந்த நிறத் தரம் தேவையில்லை. பொன்னின் மஞ்சளே கல்லில் பிரதிபலிக்கும்.

ஆய்வகத்தில் வளர்த்த வைரம் இப்போது பரவலாகக் கிடைக்கிறது. அது போலிக் கல் அன்று. நிலத்தில் தோண்டி எடுத்ததும் அதுவும் ஒரே பொருள்தான். வெறுங்கண்ணாலோ உருப்பெருக்கியாலோ பிரித்தறிய முடியாது. அதற்குத் தனிக் கருவிகள் தேவை. ஆனால் விலை வேறு. 2018ல் டி பியர்ஸ் நிறுவனமே ஆய்வக வைர நகைகளை விற்க லைட்பாக்ஸ் என்ற பெயரில் ஒரு வணிகத்தைத் தொடங்கி, காரட்டுக்கு 800 அமெரிக்க டாலர் என விலை வைத்தது. ஆய்வக வைரங்களின் விலை மேலும் மேலும் சரிந்த நிலையில், 2025ல் அதை மூடப்போவதாக அறிவித்தது. குறைந்த செலவில் பெரிய கல் வேண்டும் என்பவர்களுக்கு ஆய்வக வைரம் ஏற்றதே. நாளை விற்றால் பணம் வரும் என்று நினைத்து வாங்கினால் ஏமாற்றமே மிஞ்சும். உண்மையில் சுரங்க வைரத்தையும் வாங்கிய விலைக்கு விற்பது அரிது. பொன் சேமிப்பாகலாம், மோதிரக் கல் பெரும்பாலும் செலவுதான்.

இன்னொரு வழியும் உண்டு. பல வீடுகளில் பாட்டியின் பழைய தோடோ மூக்குத்தியோ பெட்டியில் உறங்குகிறது. ‘புளூ ஜாகர்’ என்று பெருமையாகச் சொல்லப்படும் நீலச்சாயல் வெள்ளைக் கற்கள் தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபோன்டெயின் சுரங்கத்தின் பெயரைத் தாங்கியவை. அத்தகைய கல்லைப் புதிய மோதிரத்தில் பதித்தால் செலவும் குறையும். குடும்பத்தின் நினைவும் தொடரும். ஆனால் கல்லைக் கையிலிருந்து கொடுப்பதற்கு முன், எடையையும் அளவையும் எழுதி, உருப்பெருக்கியில் பார்த்துப் படமெடுத்து, கடைக்காரரின் கையொப்பம் பெற வேண்டும். பழைய கல்லைக் கழற்றும்போது விளிம்பு சிதறும் அபாயம் உண்டு. சிதறினால் யார் பொறுப்பு என்பதை முன்கூட்டியே பேச வேண்டும். பழைய பொன்னையே உருக்கிச் செய்வார்களா, அல்லது எடைக்கு மாற்றாக வேறு பொன் எடுப்பார்களா என்பதையும் கேட்க வேண்டும். நினைவுக்காகக் கொடுப்பவர்களுக்கு இந்த வேறுபாடு சிறியதன்று.

யாரிடம் கொடுப்பது?

சொந்தத் தாயின் பொன்னிலும் தட்டார் சிறிது எடுப்பார் என்று ஒரு பழமொழி உண்டு. உழைத்து வாழும் கைவினைஞர்களுக்கு அது இழைத்த அநியாயம் பெரிது. இன்றைய தகராறுகளுக்குப் பெரும்பாலும் காரணம் திருட்டன்று, தெளிவின்மை. ஆகவே சந்தேகத்தோடு போக வேண்டாம், கேள்விகளோடு போகவேண்டும்.

சிராங்கூன் சாலையில் குடும்பத்திற்குப் பழக்கமான கடை இருந்தாலும் சரி, ஆர்ச்சர்ட் சாலைக் கடைத்தொகுதியில் புதிய கடை ஆனாலும் சரி, கேள்விகள் ஒன்றே. மோதிரத்தைச் செய்யும் பட்டறை எங்கே இருக்கிறது? உள்ளூரிலா, வெளிநாட்டிலா? இதற்கு முன் செய்த மோதிரங்களைக் காட்ட முடியுமா? படத்தை மட்டும் காட்டுகிறார்களா, பொருளையே காட்டுகிறார்களா? கணினியில் வரைந்த பிறகு மெழுகு மாதிரி செய்து விரலில் போட்டுப் பார்க்க விடுவார்களா? எத்தனை முறை மாற்றம் செய்யலாம்? ஆறு மாதம் கழித்து கல் ஆடினால் யார் பார்ப்பார்கள்?

பதிலைவிடப் பதில் சொல்லும் விதம் முக்கியம். ‘உங்கள் வேலைக்கு இந்த வடிவம் ஒத்துவராது’ என்று துணிந்து சொல்லும் கடைக்காரர் ஆசைக்கெல்லாம் தலையாட்டுபவரைவிட நம்பத்தக்கவர். நாளைக்குள் முன்பணம் கட்டினால்தான் இந்த விலை என்று அவசரப்படுத்துபவரிடம் இரண்டு நாள் தள்ளிப் போவதே நல்லது. குறைந்தது மூன்று இடங்களில் விசாரித்து, கூலி, சேதாரம், கல், பொன் என்று பிரித்து விலை கேட்க வேண்டும். சொல்லும் விலையில் 9 விழுக்காடு பொருள் சேவை வரி அடங்கியிருக்கிறதா என்பதையும் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

சிங்கப்பூரில் விலையுயர்ந்த கற்கள், உலோகங்கள் விற்போர் சட்ட அமைச்சிடம் பதிவு செய்ய வேண்டும் என்ற விதி 2019ல் நடைமுறைக்கு வந்தது. கடை பதிவு பெற்றுள்ளதா என்று பார்ப்பது நல்லது. ஆனால் அது கள்ளப்பண நடமாட்டத்தைத் தடுப்பதற்கான ஏற்பாடு; வேலைத்திறனுக்கான சான்றிதழ் அன்று. பயனீட்டாளர் சங்கத்தின் கேஸ்டிரஸ்ட் அங்கீகாரம் பெற்ற கடை என்றால் கூடுதல் நிம்மதி.

எழுத்தில் இருக்க வேண்டியவை

எல்லாம் பேசியாயிற்று. இப்போதுதான் ஆக முக்கியமான வேலை. பேசியது அனைத்தும் ஒரு தாளில் வர வேண்டும். வடிவத்தின் படம், உலோகத்தின் பெயர், தூய்மை, ஏறக்குறைய எடை, எடை கூடினாலோ குறைந்தாலோ விலை எப்படி மாறும் என்ற விவரம், விரல் அளவு, கல்லின் எடை, தரம், அது சுரங்கத்தில் எடுத்ததா ஆய்வகத்தில் வளர்த்ததா, சான்றிதழ் எண், மொத்த விலை, முன்பணம், மோதிரம் கையில் கிடைக்கும் நாள், தாமதமானால் என்ன, பிடிக்காவிட்டால் என்ன, அளவு மாற்றக் கட்டணம் உண்டா ஆகியவை இடம்பெற வேண்டும். பல வைரங்களின் விளிம்பில் சான்றிதழ் எண் லேசர் ஒளியால் பொறிக்கப்பட்டிருக்கும். மோதிரத்தைப் பெறும்போது அதை உருப்பெருக்கியில் காட்டச் சொல்லலாம். எண்ணைச் சான்றிதழ் வழங்கிய ஆய்வகத்தின் இணையத்தளத்திலும் சரிபார்க்கலாம்.

முன்பணத்தை இயன்ற அளவு குறைவாகக் கொடுத்து, மீதியை வேலையின் கட்டங்களுக்கேற்பக் கொடுப்பது பாதுகாப்பு. கடையே மூடப்பட்டால் முழுப் பணத்தையும் கொடுத்தவர் நிலை என்ன? நாளையும் நெருக்கிக் குறிக்கக்கூடாது. தீபாவளி, சீனப் புத்தாண்டு போன்ற காலங்களில் பட்டறைகளில் வேலை குவியும் அல்லது விடுமுறை விடப்படும். நிச்சயதார்த்தத்திற்கு ஒரு மாதம் முன்பே மோதிரம் கைக்கு வரும்படி திட்டமிட்டால், திருத்தம் செய்ய அவகாசம் இருக்கும்.

மனம் மாறிவிட்டது என்பதற்காகக் கடையில் செய்யச் சொன்ன பொருளைத் திருப்பிக் கொடுத்துப் பணம் பெறும் பொது உரிமை இங்கு இல்லை. ஆனால் பேசியபடி செய்யாவிட்டால் வழி உண்டு. முதலில் கடைக்காரரிடம் எழுத்து மூலம் கேட்க வேண்டும். தீராவிட்டால் பயனீட்டாளர் சங்கத்தை நாடலாம். அதற்கு அடுத்தது சிறு கோரிக்கை நடுவர் மன்றம். 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளையும், இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வெள்ளி வரையிலானவற்றையும் அது விசாரிக்கும். இரண்டு ஆண்டுகளுக்குள் செல்ல வேண்டும். வழக்கறிஞர் வாதிடத் தேவையில்லை. அங்கு அதற்கு அனுமதியும் இல்லை. அங்கே பேசப்போவது கையிலிருக்கும் தாள்தான். ‘வாயால் சொன்னார்’ என்பது அங்கே பலமான சாட்சி ஆகாது.

பழக்கமான கடைக்காரரிடம் எழுதிக் கேட்பது மரியாதைக் குறைவு என்று பெரியவர்கள் தயங்குவார்கள். உண்மையில் அது இரு தரப்புக்கும் மரியாதை. கடைக்காரருக்கும் எதைச் செய்ய வேண்டும் என்பது தெளிவாகிறது. செய்து முடித்த பின் ‘நான் கேட்டது இது இல்லை’ என்ற பேச்சைக் கேட்கும் நிலை அவருக்கும் வராது. நல்ல கைவினைஞர் தாளைக் கண்டு தயங்க மாட்டார்.

திருமணம் என்பதே சொன்ன சொல்லைக் காப்பாற்றும் ஏற்பாடு. அதன் அடையாளமாக விரலில் ஏறும் மோதிரமும் சொன்னபடி அமைய வேண்டும். எவ்வளவு பெரிய கல் என்பதை ஊரார் ஒரு நாள் பார்ப்பார்கள். கடனில்லாமல், கசப்பில்லாமல், கைக்குப் பொருந்தி வந்த மோதிரத்தை அந்தக் குடும்பம் வாழ்நாள் முழுவதும் பார்க்கும்.